லாரியின் பின் ஆக்சிலில் சத்தம்: டிஃபரன்ஷியல் பழுதும் வாரண்டியும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வாரண்டி முடியாத லாரியில் பின் ஆக்சில் ஊளையிட ஆரம்பித்தால் ஓனருக்கு இரண்டு வேலை. எது பழுது என்று கண்டுபிடிக்க வேண்டும். அதற்கான செலவைக் கம்பெனி ஏற்கும்படி செய்ய வேண்டும். முதல் வேலையை எவ்வளவு ஒழுங்காகச் செய்தோம் என்பதில்தான் இரண்டாவது வேலையின் முடிவு பெரும்பாலும் இருக்கிறது. ஒன்றிரண்டு லாரி வைத்துத் தொழில் செய்பவர்களையும், சொந்த வண்டியைத் தானே ஓட்டுபவர்களையும் மனதில் வைத்து இதை எழுதியிருக்கிறேன். சரக்கு லாரி, டிப்பர் இரண்டுக்கும் பொருந்தும்.

டிஃபரன்ஷியல் உள்ளே என்னதான் இருக்கிறது?

கியர்பாக்ஸிலிருந்து ஜாயிண்ட் ஷாஃப்ட் வழியாக வரும் சுழற்சியைப் பினியன் என்ற சிறிய பல்சக்கரம் வாங்கி, கிரவுன் என்ற பெரிய பல்சக்கரத்துக்குக் கொடுக்கிறது. கிரவுனோடு சேர்ந்து சுற்றும் கூட்டுக்குள் ஒரு சிலுவைக் கம்பியும், அதில் நான்கு ஸ்டார் பினியன்களும், இரு பக்கமும் சன் கியர்களும் இருக்கும். வளைவில் வெளிப்பக்க வீல் கூடுதலாகவும் உள்பக்க வீல் குறைவாகவும் சுற்ற விடுவது இந்தக் கூட்டம்தான். நேர்ச்சாலையில் கூடு முழுவதும் ஒரே கட்டியாகச் சுற்றும். ஸ்டார் பினியன்களுக்குத் தனியாக வேலை இல்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், சத்தம் எங்கிருந்து வருகிறது என்று தேடும்போது உதவும்.

பின்னால் சத்தம் வருகிறது. டிஃபரன்ஷியல்தான் என்று எப்படி உறுதி செய்வது?

முதலில் டயரைக் கழித்துவிடுங்கள். டயர் சத்தம் சாலை மாறினால் மாறும். தார் ரோட்டில் ஒரு மாதிரியும் கான்கிரீட் ரோட்டில் வேறு மாதிரியும் கேட்கும். ஆக்சிலரேட்டரை மிதித்தாலும் எடுத்தாலும் அதற்குக் கவலை இல்லை. டிஃபரன்ஷியல் சத்தம் நேர் எதிர். சாலை மாறினாலும் அது மாறாது. பல் சத்தமாக இருந்தால் கால் மாறியதும் உடனே மாறும்.

அப்புறம், எந்த நேரத்தில் கேட்கிறது என்பதைக் கவனியுங்கள். ஆக்சிலரேட்டரை அழுத்தி இழுக்கும்போது மட்டும் 'ஊம்ம்' என்று ஊளைச் சத்தம் வந்தால், கிரவுன் பல்லின் முன்பக்க முகம் தேய்ந்திருக்கலாம், அல்லது பினியன் அமர வேண்டிய ஆழத்தில் அமரவில்லை. காலை எடுத்து வண்டி தானாக ஓடும்போதோ, இறக்கத்தில் எக்ஸாஸ்ட் பிரேக் (எஞ்சினின் புகைவழியை அடைத்து வேகம் குறைப்பது) போடும்போதோ மட்டும் வந்தால், பல்லின் மறுமுகத்தில் அல்லது பினியன் பேரிங் தளர்வில் சந்தேகம் வைக்கலாம். மிதித்தாலும் எடுத்தாலும் ஒரே மாதிரி கரகரவென்று அரைத்துக்கொண்டே வந்தால் பெரும்பாலும் பேரிங். வளைவில் திரும்பும்போது மட்டும் வந்தால் ஸ்டார் பினியன் பக்கமோ ஹப் பேரிங் பக்கமோ பாருங்கள். முன்பு சொன்ன காரணம்தான்: நேர்ச்சாலையில் ஸ்டார் பினியன்கள் சும்மா இருக்கும்.

சத்தமாக இல்லாமல் நடுக்கமாக வந்தால் டிஃபரன்ஷியலைத் தொடுவதற்கு முன் ஜாயிண்ட் கிராஸ் (ஷாஃப்டின் முனையில் இருக்கும் சிலுவை இணைப்பு), சென்டர் பேரிங், ஷாஃப்ட் பேலன்ஸ் மூன்றையும் பாருங்கள். கிராஸ் ஆடுவதை டிஃபரன்ஷியல் பழுது என்று நினைத்து ஹவுசிங் என்ற வெளிக்கூட்டைத் திறந்த வண்டிகள் நிறைய.

'டக், டக்' என்று ஒரே தாளத்தில் தட்டுகிறது. இது எது?

இதில் எண்ணிப் பார்த்தே பாதி விடையைக் கண்டுபிடிக்கலாம். கிரவுனில் 41 பல், பினியனில் 7 பல் என்று வைத்துக்கொண்டால் விகிதம் 5.857. அதாவது வீல் ஒரு சுற்று சுற்றினால் பினியன் கிட்டத்தட்ட 6 சுற்று சுற்றிவிடும். பினியனில் ஒரு பல் உடைந்திருந்தால் வீலின் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 6 தட்டு கேட்கும். கிரவுனில் ஒரு பல் போயிருந்தால் ஒரே தட்டு.

லாரி டயரின் சுற்றளவு சுமார் 3.3 மீட்டர் என்று கொண்டால், 10 கி.மீ. வேகத்தில் போகும்போது நொடிக்கு ஒன்றுக்குக் கொஞ்சம் குறைவாகத் தட்டினால் கிரவுன் பக்கம். நொடிக்கு ஐந்து முறை தட்டினால் பினியன் பக்கம். ஒன்று மட்டும் எச்சரிக்கையாக இருங்கள். வீல் வேகத்தில் தட்டுவது பிரேக் டிரம், ஹப், டயரில் சிக்கிய கல் எதுவாகவும் இருக்கலாம். பினியன் வேகத்தில் தட்டுவது ஜாயிண்ட் கிராஸாகவும் இருக்கலாம். ஆகவே இது திசையைக் காட்டுமே தவிர, தீர்ப்பு சொல்லாது. செல்போனில் பதிவு செய்து வையுங்கள். மீட்டர் போர்டில் வேகம் தெரியும்படி வீடியோ எடுத்தால் இன்னும் நல்லது.

கியர் போட்டு எடுக்கும்போது 'மடார்' என்று ஒரு அடி விழுகிறது.

இடைவெளி எங்கோ அதிகமாகிவிட்டது என்று பொருள். சமதளத்தில் வண்டியை நிறுத்தி, எல்லா வீலுக்கும் கட்டை வைத்து, எஞ்சினை அணைத்து, ஹேண்ட் பிரேக் போட்டு, கியரை நியூட்ரலில் விட்டு, டிஃபரன்ஷியலுக்குப் பக்கத்தில் ஷாஃப்டைக் கையால் இரு பக்கமும் திருப்பிப் பாருங்கள். கிராஸ் தனியாக ஆடுகிறதா, ஷாஃப்டின் ஸ்பிளைன் ஆடுகிறதா, பினியனோடு ஷாஃப்டை இணைக்கும் பிளேஞ்சே சுற்றிப் பிறகுதான் முட்டுகிறதா என்று தனித்தனியாகத் தெரியும். பிளேஞ்ச் கொஞ்சம் சுற்றுவது இயல்பு. அது மேலும் கீழும், அல்லது முன்னும் பின்னும் அசைந்தால்தான் கவலைப்பட வேண்டும். பினியன் பேரிங் போய்விட்டது.

வேகத்தில் நியூட்ரல் போட்டுச் சத்தம் மாறுகிறதா என்று பார்க்கச் சொல்கிறார்கள். செய்யலாமா?

காலியான, சமமான சாலையில், லோடு இல்லாமல், குறைந்த வேகத்தில் மட்டும். தொப்பூர் கணவாய் மாதிரியான இறக்கத்தில் ஒருபோதும் வேண்டாம். லாரி நியூட்ரலில் இறங்கும்போது எஞ்சினின் பிடி போய்விடும். எக்ஸாஸ்ட் பிரேக் இருந்தும் பயன் இல்லை. பாரம் முழுவதும் பிரேக் லைனிங்கில் விழும். அது சூடேறிப் பிடிப்பை இழந்தால் வண்டியை நிறுத்த வழி கிடையாது. ஒரு சத்தத்தின் காரணத்தைத் தெரிந்துகொள்ள உயிரைப் பணயம் வைக்கத் தேவையில்லை, காலை மட்டும் எடுத்துப் பார்த்தாலே போதுமான விவரம் கிடைக்கும்.

ஜாக்கி போட்டு வீலை ஓடவிட்டுப் பார்க்கலாமா?

சர்வீஸ் சென்டரில், இரண்டு பக்கமும் ஸ்டாண்டில் நிறுத்தி, முன் வீலுக்குக் கட்டை வைத்துப் பார்ப்பார்கள். நீங்கள் ரோட்டோரத்தில் ஒரு பக்கம் மட்டும் தூக்கி எஞ்சினால் ஓடவிடாதீர்கள். ஒரு வீல் நிற்க, மறு வீல் இரண்டு மடங்கு வேகத்தில் சுற்றும். ஸ்டார் பினியன்கள் எண்ணெய் நிற்காமல் காய்ந்து சிலுவையில் பிடித்துக்கொள்ளும். இல்லாத பழுதை நாமே உண்டாக்குவோம். தரையில் இருக்கும் வீல் பிடித்துக்கொண்டு வண்டி நகர்ந்துவிடவும் செய்யும்.

ஆயிலைப் பார்த்தே பழுதைச் சொல்ல முடியுமா?

நிறையவே சொல்லலாம். என்னைக் கேட்டால், ஒரு டிஃபரன்ஷியலைப் பற்றிய நேர்மையான சாட்சி அதன் ஆயில்தான்.

டிரெயின் பிளக்கின் காந்தத்தில் சாம்பல் நிறத்தில், விரலில் வைத்துத் தேய்த்தால் மாவு போல இருக்கும் பசை இயல்பானது. பல்லும் பல்லும் உரசும் இடத்தில் அவ்வளவு இருக்கத்தான் செய்யும், புது வண்டியில் சற்றுக் கூடுதலாகவே இருக்கும். கண்ணுக்குத் தெரியும் செதில்கள் வந்தால் பேரிங்கோ பல்லின் மேல்தோலோ உரிகிறது. கையில் எடுக்கும் அளவுக்குத் துண்டு வந்தால் அந்த வண்டி இனி ஒரு கி.மீ.கூட ஓடக்கூடாது. பித்தளை நிறத் துகள் தெரிந்தால் ஸ்டார் பினியனுக்கு அடியில் இருக்கும் வாஷர்களைச் சந்தேகியுங்கள்.

ஆயில் பால் கலந்தது போல இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. வெள்ளத்தில் ஓடிய வண்டிகளில் இது சாதாரணம். சூடான ஹவுசிங் தண்ணீரில் இறங்கியதும் உள்ளே இருக்கும் காற்று சுருங்கும். பிரீதர் என்ற மூச்சுத்துளை வழியாகவோ சீல் வழியாகவோ தண்ணீரை இழுத்துக்கொள்ளும். மழைக்காலத்தில் ஆக்சில் மூழ்கும் அளவு தண்ணீரில் போய் வந்தால், மறுநாளே ஆயிலைப் பாருங்கள். கியர் ஆயிலுக்குக் கந்தக வாடை இயற்கையாகவே உண்டு, அதை வைத்து முடிவு செய்ய வேண்டாம். கருத்து, கருகிய வாடை அடித்தால்தான் அதிகச் சூடு கண்டது என்று அர்த்தம்.

வாரண்டி வண்டியில் இதை நீங்களே தனியாக வடித்துப் பார்க்காதீர்கள். சர்வீஸ் சென்டரில் வடிக்கும்போது பக்கத்தில் நில்லுங்கள். ஆயில் சூடாக இருக்கும்போது, பாதி வடிந்த நிலையில், சுத்தமான இரண்டு பாட்டில்களில் பிடிக்கச் சொல்லி ஒன்றை நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள். தேதி, வண்டி எண், ஓடிய கி.மீ. மூன்றையும் பாட்டில் மேல் எழுதுங்கள். பின்னால் தகராறு வந்தால் ஆய்வகத்தில் இரும்புத் துகள், மண், தண்ணீர் அளவு எல்லாம் சோதிக்கலாம்.

என்ன ஆயில் ஊற்ற வேண்டும்?

வண்டியோடு வந்த புத்தகத்தில் எழுதியிருப்பதை மட்டும். லாரி டிஃபரன்ஷியலுக்குப் பொதுவாக ஜிஎல்-5 தரம்; பாகுத்தன்மை 80டபிள்யூ-90 அல்லது 85டபிள்யூ-140. கிரவுனும் பினியனும் ஒன்றன்மேல் ஒன்று சறுக்கியபடியே அழுத்துவதால் அந்த அழுத்தத்தைத் தாங்கும் சேர்மானம் ஜிஎல்-5இல் அதிகம். கியர்பாக்ஸுக்கு வாங்கிய ஜிஎல்-4 மீதி இருக்கிறதே என்று அதை இங்கே ஊற்றினால் பல் சீக்கிரம் தேயும். அளவு என்பது ஊற்றும் துளையின் கீழ்விளிம்பு வரை, வண்டி சமதளத்தில் நிற்கும்போது. கூடுதலாக ஊற்றினாலும் கெடுதல்தான். ஆயில் கடைந்து நுரைத்துச் சூடேறி சீலைத் தள்ளும்.

பினியன் சீலில் ஆயில் கசிகிறது. சீல் மாற்றினால் போதுமா?

மாற்றுவதற்கு முன் பிரீதரைக் கழற்றிப் பாருங்கள். ஹவுசிங்கின் மேல் இருக்கும் சின்ன மூச்சுத்துளை அது. மண் அடைத்துக்கொண்டால் உள்ளே அழுத்தம் ஏறி, நல்ல சீலையும் தாண்டி ஆயில் வரும். எத்தனை சீல் மாற்றினாலும் கசிவு திரும்ப வருகிறதென்றால் ஒன்று பிரீதர், இல்லையென்றால் பினியன் பேரிங் ஆடுகிறது. ஹப் பக்கம் கசிந்தால் இன்னும் அவசரம். ஆயில் பிரேக் லைனிங்கில் இறங்கினால் அந்தப் பக்கம் பிரேக் பிடிக்காது.

வாரண்டி கோணத்தில் பார்த்தால், சீலும் கேஸ்கெட்டும் தேய்மானப் பொருள் என்று பல புத்தகங்களில் தள்ளிவைக்கப்பட்டிருக்கும். அதனால் சீல் போனதைப் பெரிதாக எடுக்காமல் விட்டுவிடுகிறார்கள். பிறகு ஆயில் குறைந்து கிரவுன் போனால், 'கசிவு தெரிந்தும் ஓட்டினீர்கள்' என்று அதையே காரணமாகக் காட்டி மறுப்பார்கள். கசிவைப் பார்த்த நாளிலேயே ஜாப் கார்டு (சர்வீஸ் சென்டரில் புகாரை எழுதும் வேலைச்சீட்டு) போடுங்கள்.

ஹவுசிங் கைவைக்க முடியாத அளவு சூடாகிறது. பழுதா?

லோடோடு ஏறிவந்த வண்டியில் ஹவுசிங் கை பொறுக்காத சூடு இருப்பது சாதாரணம். இடது ஹப், வலது ஹப், பினியன் மூக்கு (ஷாஃப்ட் வந்து சேரும் முன்பகுதி) மூன்றையும் ஒப்பிட்டுப் பாருங்கள். தொடாமல் வெப்பம் அளக்கும் கருவி வைத்துக்கொண்டால் வசதி. ஒரு ஹப் மட்டும் மற்றதைவிட நன்றாகச் சூடானால் பேரிங் அல்லது பிடித்துக்கொண்ட பிரேக். பினியன் மூக்கு மட்டும் தனியாகக் கொதித்தால் பினியன் பேரிங்.

நம்ம ஊர் மெக்கானிக் கெட்டிக்காரர். அவரைத் திறந்து பார்க்கச் சொல்லலாமா?

வாரண்டி இருக்கும் வரை வேண்டாம். அவர் கைத்திறமையில் எனக்குச் சந்தேகம் இல்லை. நாமக்கல், சங்ககிரி பக்கம் சத்தத்தைக் கேட்டே எந்த பேரிங் என்று சொல்லக்கூடியவர்கள் இருக்கிறார்கள். ஆனால் கம்பெனியின் ஆள் பார்ப்பதற்கு முன் ஒரு போல்ட் கழன்றிருந்தாலும், உள்ளே இருந்த நிலை எது, திறந்ததால் வந்த நிலை எது என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. அந்தச் சந்தேகத்தின் பலன் எப்போதும் கம்பெனிக்குத்தான் போகும். வெளியே இருந்து கேட்டு, தொட்டு, ஆட்டிப் பார்க்க அவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். சர்வீஸ் சென்டரில் திறக்கும் அன்று அவரை உடன் வைத்துக்கொள்ளுங்கள். அது மிகப் பெரிய பலம்.

லோடோடு வழியில் நின்றுவிட்டது. எப்படி இழுத்துப் போவது?

முதலில் கம்பெனியின் உதவி எண்ணுக்குச் சொல்லி, அழைத்த நேரத்தையும் புகார் எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். பின் வீல் தரையில் உருள இழுப்பதாக இருந்தால் இரண்டு பக்க ஆக்சில் ஷாஃப்டையும் உருவியே ஆக வேண்டும். பெரிய லாரிகளில் வண்டியின் எடையை ஹப்பும் ஹவுசிங்கும் தாங்குவதால் ஷாஃப்டை எடுத்தாலும் வீல் கழன்றுவிடாது. ஷாஃப்ட் உள்ளே இருந்தால் உடைந்த பல் உள்ளே அரைபட்டு, மிச்சமிருக்கும் நல்ல பாகத்தையும் தின்றுவிடும். எதனால் உடைந்தது என்பதற்கான அடையாளமும் அதோடு அழியும். உருவிய பிறகு ஹப்பின் வாயை மண் போகாமல் துணியும் தகடும் வைத்து மூடுங்கள். பிரேக்குக்கான காற்று இல்லாத வண்டியில் ஸ்பிரிங் பிரேக் பிடித்தபடியே இருக்கும், அதைத் தளர்த்தும் வேலையை அறிந்தவரை மட்டும் செய்ய விடுங்கள். தளர்த்தும் முன் வீலுக்குக் கட்டை அவசியம். இந்த வேலை எல்லாவற்றையும் உதவிக்கு வரும் கம்பெனி ஆளே செய்தால் நல்லது. இல்லையென்றால் அவர்களிடம் சொல்லிவிட்டுச் செய்து, படம் எடுத்து வையுங்கள்.

ஜாப் கார்டில் என்ன எழுதச் சொல்ல வேண்டும்?

'பின்னால் சத்தம், செக் செய்யவும்' என்று எழுத விடாதீர்கள். எந்த வேகத்தில், எந்த கியரில், மிதிக்கும்போதா எடுக்கும்போதா, லோடோடா காலியாகவா, எத்தனை கி.மீ. ஓடியபோது முதலில் கேட்டது என்று உங்கள் வார்த்தையில் எழுதச் சொல்லிக் கையெழுத்துப் போடுங்கள். டெக்னீஷியனை ஏற்றிக்கொண்டு ஒரு சுற்று ஓட்டிக் காட்டுங்கள்.

'இது இயல்பான சத்தம்தான், ஓட்டுங்கள்' என்று திருப்பி அனுப்பினால் அதையும் ஜாப் கார்டில் எழுதி வாங்குங்கள். வாரண்டி முடிந்த பிறகு அதே சத்தம் முற்றிப் பல் உடைந்தால், காலத்துக்குள் புகார் சொன்னதற்கு அந்தத் தாள்தான் ஆதாரம். வாரண்டி பெரும்பாலும் 'இத்தனை வருடம் அல்லது இத்தனை கி.மீ., எது முதலில் வருகிறதோ அது' என்றுதான் இருக்கும். டிரைவ்லைனுக்கு முழு வண்டியைவிட நீண்ட வாரண்டி தரும் கம்பெனிகள் உண்டு, ஆகவே 'வாரண்டி முடிந்தது' என்று கவுண்டரில் சொன்னாலும் புத்தகத்தைத் திறந்து பாருங்கள்.

'ஓவர்லோடு, அதனால் வாரண்டி இல்லை' என்று மறுக்கிறார்கள். என்ன செய்வது?

இந்தப் பக்கத்தில் அதிகம் பேச வேண்டிய கேள்வி இதுதான்.

உண்மையாகவே ஓவர்லோடு ஏற்றியிருந்தால் மறுப்பதில் நியாயம் இருக்கிறது. 2018இல் மத்திய அரசு ஆக்சில் பாரத்தை உயர்த்தி, நான்கு டயர் உள்ள ஒற்றை ஆக்சிலுக்கு 10.2 டன்னிலிருந்து 11.5 டன் ஆக்கியது. ஆனால் வாரண்டிக்கு அளவுகோல் உங்கள் வண்டியின் ஆர்.சி.யிலும் கம்பெனி புத்தகத்திலும் இருக்கும் எடை. பழைய அளவில் பதிவான வண்டியில் புது அளவு ஏற்றினால் அந்த வாதம் நிற்காது. டிப்பரில் சைடு பலகையை உயர்த்தியது, டயர் அளவை மாற்றியது எல்லாம் இதே கணக்கில்தான் சேரும்.

ஏற்றவில்லை என்றால் அதைக் காட்ட உங்களிடம் தாள் இருக்க வேண்டும். எடைமேடை சீட்டு, இ-வே பில், லோடு பில் மூன்றையும் தேதி வாரியாக ஒரு பையில் போட்டு வைக்கும் பழக்கம் வாரண்டி முடியும்வரை அவசியம். பல புது லாரிகளில் வண்டியின் ஓட்டம் கம்பெனியின் சர்வரில் பதிவாகிறது; அதில் எந்தப் பதிவை வைத்து ஓவர்லோடு என்கிறார்கள் என்று எழுத்தில் கேளுங்கள்.

அப்புறம், உடைந்த பாகத்தைப் பாருங்கள். எப்படி உடைந்தது என்பது அதன் முகத்தில் தெரியும். உடைந்த முகத்தில் கடற்கரை மணலில் அலை விட்டுப்போகும் கோடுகள் போல வளைவு வளைவாக வரி இருந்தால், பல் ஒரே நாளில் உடையவில்லை. சிறு விரிசல் தொடங்கி, ஒவ்வொரு சுழற்சியிலும் கொஞ்சம் கொஞ்சமாக வளர்ந்து கடைசியில் விட்டிருக்கிறது. தொடர்ந்த ஓவர்லோடிலும் இப்படி வரும். பல் ஓரத்தில் மட்டும் பாரம் தாங்கும்படி தவறாகப் பொருத்தியிருந்தாலும் வரும். இரண்டையும் பிரிக்க, உடையாத மற்ற பற்களில் பளபளப்பான தேய்மானத் தடம் எங்கே விழுந்திருக்கிறது என்று பாருங்கள். தடம் பல்லின் நடுவில் பரவலாக இருந்தால் பொருத்தியது சரி. ஒரு முனையில் ஒதுங்கியோ, உச்சியில் மட்டுமோ, அடியில் மட்டுமோ இருந்தால் கம்பெனியில் பொருத்தியதில் பிழை இருக்க வாய்ப்பு அதிகம். இந்த ஒரு படம் உங்கள் கையில் இருந்தால் பேச்சே மாறும்.

வரி எதுவும் இல்லாமல் முகம் முழுவதும் சொரசொரவென்று உப்புக்கல் போல மின்னினால் ஒரே அடியில் உடைந்திருக்கிறது; குழியில் சிக்கிய வண்டியில் கிளட்சை டக்கென்று விட்டால் இப்படி ஆகும். பல்லும் பேரிங்கும் நீலமாகவோ கருப்பாகவோ நிறம் மாறி, முகத்தில் இழுத்த கோடுகள் இருந்தால் ஆயில் இல்லாமல் ஓடியது. கிரவுன், பினியன் நன்றாக இருக்க, சிலுவைக் கம்பியும் ஸ்டார் பினியனும் மட்டும் கருகிப் பிடித்திருந்தால் சேற்றில் ஒரு வீல் நெடுநேரம் சும்மா சுற்றியது. இந்தக் கடைசி இரண்டில் டிரைவர் மீதோ பராமரிப்பு மீதோ கை காட்டுவார்கள், அதில் பெரும்பாலும் உண்மையும் இருக்கும்.

மாற்றிய பழைய பாகம் பொதுவாகக் கம்பெனிக்குப் போய்விடும். போகும் முன் ஒவ்வொரு துண்டையும், கிரவுனில் பொறித்திருக்கும் எண்ணையும் சேர்த்து, வெளிச்சத்தில் பல கோணத்தில் படம் எடுங்கள். மறுப்பை வாய்வார்த்தையாக ஏற்காதீர்கள். காரணம், ஆய்வு அறிக்கை, படம் மூன்றையும் எழுத்தில் கேட்டு, வட்டார அலுவலகத்துக்கு மெயில் அனுப்பி, இரு தரப்பும் சேர்ந்து பார்க்கும் ஆய்வு வேண்டும் என்று கேளுங்கள்.

டிஃப் லாக் போட்டு ஓட்டியதால் பழுது என்கிறார்களே?

இரு பக்க வீலும் சேர்ந்தே சுற்றும்படி டிஃபரன்ஷியலைப் பூட்டும் இந்த லாக், சேறு, மணலில் இருந்து வெளியே வர மட்டும். வீல் சுற்றிக்கொண்டிருக்கும்போதே போட்டால் பல் மோதி உடையும். நின்ற பிறகு போட வேண்டும். கெட்டியான ரோட்டுக்கு வந்ததும் எடுக்காமல் வளைந்தால் ஆக்சில் ஷாஃப்ட் முறுக்கிக்கொள்ளும். கல்குவாரியில் ஓடும் டிப்பர் டிரைவருக்கு இதை ஓனர் நேரில் காட்டித் தரவேண்டும். அதேபோல ஒரே ஆக்சிலில் ஒரு பக்கம் புது டயர், மறுபக்கம் தேய்ந்த டயர் என்று ஓட்டினால் நேர்ச்சாலையிலும் ஸ்டார் பினியன்களுக்கு ஓய்வே இருக்காது.

வெளியே ஆயில் மாற்றியிருக்கிறேன். வாரண்டி போய்விட்டதா?

புத்தகத்தில் உள்ள நிபந்தனையைப் பொறுத்தது. சில கம்பெனிகள் அங்கீகரித்த இடத்தில் மட்டும் என்று எழுதியிருக்கும். எப்படியும் ஆயிலின் தரம், லிட்டர் அளவு, கி.மீ., தேதி நான்கும் தெளிவாக உள்ள பில் இல்லாமல் எதையும் வாதிட முடியாது.

நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாமா? லாரி வியாபார வண்டியாயிற்றே?

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, வணிக நோக்கத்துக்காக வாங்குபவரை நுகர்வோர் என்று ஏற்பதில்லை. ஆனால் சுயதொழில் செய்து பிழைப்புக்காக மட்டுமே வாங்கிப் பயன்படுத்தினால் அது வணிக நோக்கம் ஆகாது என்று அதே சட்டம் விளக்கம் தருகிறது. இதற்கு அடிப்படையான தீர்ப்பு நம் கோயம்புத்தூர் பி.எஸ்.ஜி. நிறுவனம் ஒரு தரப்பாக இருந்த வழக்கில் 1995இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. லாரியை வாங்கித் தானே ஓட்டிப் பிழைப்பவர் நுகர்வோர் என்று அதில் உதாரணமாகவே சொல்லியிருக்கிறார்கள். ஆகவே சொந்த வண்டியை ஓட்டும் டிரைவர்-ஓனருக்கு வழி திறந்திருக்கிறது. பல லாரிகளை வைத்து டிரைவர் போட்டு நடத்தும் நிறுவனத்துக்கு இந்த வழி கடினம். அவர்கள் சிவில் நீதிமன்றத்தைத்தான் பார்க்க வேண்டியிருக்கும்.

முதல் படியாக 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியலாம். அதில் தீரவில்லை என்றால், வண்டிக்குக் கொடுத்த விலை 50 லட்சம் வரை மாவட்ட ஆணையம். வண்டியை எங்கே வாங்கியிருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனு போடலாம். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 வருடத்துக்குள் போட வேண்டும். பொருளைச் சோதிக்காமல் குறையைக் கண்டுபிடிக்க முடியாது என்றால் ஆய்வகத்துக்கு அனுப்பச் சட்டத்தில் இடம் உண்டு. அப்போது பாட்டிலில் பிடித்த ஆயிலும் எடுத்துவைத்த படங்களும் பயன்படும்.

இன்சூரன்ஸில் வருமா? வண்டி நின்ற நாட்களுக்கு நஷ்ட ஈடு?

விபத்து இல்லாமல் தானாக உடைந்த இயந்திரப் பழுதை வழக்கமான மோட்டார் பாலிசி ஏற்காது. வாரண்டியும் பாகத்தையும் கூலியையும்தான் பேசும். நின்ற நாட்களின் வாடகை, இ.எம்.ஐ. எல்லாம் பொதுவாக விலக்கப்பட்டிருக்கும். ஆணையத்துக்குப் போனால் சேவைக் குறைபாடு என்று சொல்லித் தாமதத்துக்கு இழப்பீடு கேட்கலாம். அதற்கு எந்த நாளில் வண்டியை விட்டீர்கள், எந்த நாளில் பாகம் வந்தது என்பதற்கு மெயில் ஆதாரம் வேண்டும்.

கம்பெனி ஏற்றுக்கொண்டது. எதையெல்லாம் மாற்றுகிறார்கள் என்று எப்படிக் கவனிப்பது?

கிரவுனும் பினியனும் ஜோடியாகவே வரும். தொழிற்சாலையில் ஒன்றோடு ஒன்றைச் சேர்த்து அரைத்துப் பொருத்தி, இரண்டிலும் ஒரே எண் பொறிப்பார்கள். ஒன்றை மட்டும் மாற்றினேன் என்றால் ஏற்காதீர்கள். பல் உடைந்திருந்தால் பேரிங்குகளையும் மாற்றச் சொல்லுங்கள், துகள் அவற்றுக்குள் கட்டாயம் போயிருக்கும். பினியன் நட், கிரவுன் போல்ட், சீல் எல்லாம் புதிது.

இதைவிட முக்கியம், ஹவுசிங்கைக் கழுவுவது. இரு பக்கக் குழாய்க்குள்ளும் பழைய துகள் தங்கிவிட்டால் புது கிரவுனும் அதே வழிதான் போகும். கழுவிய பிறகு உள்ளே டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுத்தான் மூடச் சொல்லுங்கள். பிரீதரையும் கழற்றிச் சுத்தம் செய்ய வேண்டும்.

பொருத்தும்போது பல் இடைவெளியை டயல் கேஜ் வைத்து அளக்க வேண்டும். சிறு வண்டிகளில் 0.15 முதல் 0.25 மி.மீ. அளவில் இருக்கும், கனரக ஆக்சிலில் அதைவிடக் கூடுதல். உங்கள் வண்டியின் சரியான எண்ணைச் சர்வீஸ் மேனுவலில் காட்டச் சொல்லுங்கள். கிரவுனைச் சுற்றிப் பல இடங்களில் அளந்து, எல்லா இடத்திலும் ஏறத்தாழ ஒரே அளவு வர வேண்டும். பினியன் பேரிங் எவ்வளவு இறுக்கத்தில் சுற்றுகிறது என்றும் அளப்பார்கள். பிறகு பல்லில் கலர் தடவிச் சுற்றிப் பார்த்து, தடம் நடுவில் விழுகிறதா என்று உறுதி செய்வார்கள். அளந்த எண்களை ஜாப் கார்டில் எழுதி வாங்குங்கள், கலர் தடத்தைப் படம் எடுங்கள். அசெம்பிளியாக முழுக் கேரியரையே (கிரவுன், பினியன், கூடு எல்லாம் சேர்ந்த தொகுப்பு) மாற்றினால் இந்த அளவெல்லாம் தொழிற்சாலையிலேயே முடிந்து வரும். வண்டி நிற்கும் நாளும் குறையும் என்பதால், இரண்டில் எது வேண்டும் என்று கேட்டால் நான் அசெம்பிளியைத்தான் சொல்வேன்.

மாற்றிய பிறகு எப்படி ஓட்டுவது? சத்தம் திரும்ப வந்தால்?

முதல் சில நூறு கி.மீ. பாரத்தைக் குறைத்து, ஏற்றத்தில் நெடுநேரம் இழுக்காமல் ஓட்டுங்கள். புதுப் பல்முகம் ஒன்றோடு ஒன்று படியும்வரை அதிகச் சூடு ஆகக்கூடாது. முதல் ஆயில் மாற்றத்தை எப்போது செய்வது என்று எழுத்தில் கேட்டு, அதைத் தள்ளிப்போடாமல் செய்து, காந்தத்தில் என்ன இருக்கிறது என்று நீங்களே பாருங்கள்.

சத்தம் திரும்ப வந்தால் அன்றே போய், முன்பு போட்ட ஜாப் கார்டு எண்ணைக் குறிப்பிட்டு 'அதே புகார், மறுமுறை' என்று எழுதச் சொல்லுங்கள். புதுப் புகார் என்று பதிந்தால் கணக்கு மறுபடி முதலிலிருந்து தொடங்கும். மாற்றிய பாகத்துக்கு எத்தனை நாள் வாரண்டி என்பதையும் வண்டியை எடுக்கும் முன்பே கேளுங்கள். வண்டிக்கு மிச்சமிருக்கும் காலம் வரைதான் என்று பல புத்தகங்களில் இருக்கும். தனிக் காலம் தருவதானால் அந்தத் தேதி பில்லில் இருக்க வேண்டும்.